‘உடு’ என்றால் விட்டுவிடும் கை

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துச் சகாதேவன் சடுகுடுவில் ஒருத்தனைப் பிடித்தால், பிடிபட்டவன் செத்தவன்தான். காணும் பொங்கலன்று எதிர்க்கரைக் குப்பத்தோடு ஆடுவோம். அன்றைக்கு மட்டும் அவர்கள் எங்களுக்கு மனுஷர்கள் இல்லை. ‘கொல்லு, கொல்லு’ என்று பெண்பிள்ளைகளே கத்துவார்கள். மறுநாள் அதே ஆட்களோடு ஏரியில் வலை இழுப்போம்.

எழுபத்தொன்பதில் ஒரு சங்கடம். சகாதேவன் எதிர்க்கரை வேலம்மாவைக் கட்டி, அவள் தம்பி இளங்கோவன் படகிலேயே தொழிலுக்கும் போய்க்கொண்டிருந்தான். எங்கள் ஆட்கள் விடுவார்களா?

“இன்னாப்பா, மச்சானைப் புடிப்பியா, மடியில வெச்சுக் கொஞ்சுவியா?”

“வரட்டும், காட்றேன்,” என்றான்.

கடைசியில் இளங்கோவன்தான் பாடிக்கொண்டு வந்தான். சகாதேவன் பாய்ந்து இடுப்பைக் கட்டினான். பாட்டு நின்றால் ஜெயிப்பு எங்களுக்கு. கோட்டைத் தொட்டால் அவர்களுக்கு. இரண்டு குப்பமும் ஒரே கூச்சல். திடீரென்று சகாதேவன் கை விட்டுப்போனது. இளங்கோவன் உருண்டு கோட்டைத் தொட்டான்.

“பொண்டாட்டி ஊட்டுக்கு வித்துட்டான்!” எங்கள் மாணிக்கம் மண்ணை வாரி அவன்மேல் இறைத்தான்.

“அவன் ‘உடு’ன்னு கத்துனான்பா! பாட்டு நின்னுச்சு, அவன் செத்துட்டான்!” என்றான் சகாதேவன்.

வலை அடியில் எதிலாவது மாட்டினால், முன்னால் நிற்பவன் ‘உடு’ என்பான். பின்னால் இருப்பவன் யோசிக்காமல் கயிற்றை விட வேண்டும். யோசித்தால் படகு கவிழும். அந்தப் படகில் சொல்பவன் இளங்கோவன், விடுபவன் சகாதேவன். கை அங்கே பழகியது, களத்தில் விட்டது. ஆனால் அந்தக் கூச்சலில் வேறு யார் காதிலும் அது விழவில்லை.

“நான் எங்க மாமா கத்துனேன்?” என்றான் இளங்கோவன். அவன் அப்போது தன் ஆட்களின் தோளில் இருந்தான்.

மறுநாள் அந்தப் படகில் நானும் போயிருந்தேன். வலை மாட்டியது.

“உடு!”

சகாதேவன் விடவில்லை. படகு சாய்ந்து தண்ணீர் ஏறியது. உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டுதான் கயிறு போனது.

இளங்கோவன் பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்தான். “கத்துனேன் மாமா. நெசம்தான்.”

“கரையில வந்து சொல்லு மச்சான்.”

“சொன்னா எங்காளுங்க என்னை இன்னா பண்ணுவாங்கன்னு உனுக்குத் தெரியாதா?”

அவன் சொல்லவில்லை. நான் சொன்னேன். “நீயும் அந்தப் படகுல போறவன்தானே” என்று எங்கள் ஆட்கள் வாயை அடைத்துவிட்டார்கள். சகாதேவனை அதற்கப்புறம் யாரும் ஆடக் கூப்பிடவில்லை.

இப்போதும் காணும் பொங்கலுக்கு வருவான். எந்தப் பக்கமும் உட்கார மாட்டான். நடுக்கோட்டுக்கு நேரே நின்று, தழும்பேறிய கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். எவனாவது பிடிபட்டால், இவன் விரல்கள் மூடும், திறக்கும், மறுபடி மூடும்.