பல்லைக் கறுப்பாக்கும் மருந்து

இடித்துச் சலித்த செங்கல் தூள் பல்லில் அரைபடும் 'கரகர' சத்தம் வெளியே யாருக்கும் கேட்காது. தேய்ப்பவளின் மண்டைக்குள் மட்டும் கேட்கும். நல்லம்பள்ளிப் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பல்லோடு சேர்ந்தே பழுப்புக் கறையும் முளைத்துவிடும். கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று அன்று யாருக்குத் தெரியும்? சரியாகத் தேய்க்காத சோம்பேறிகள் என்றே எங்களைத் திட்டினார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில், நான் தாவணி போட்டிருந்தபோது, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் அம்மா என்னைக் கிணற்றடியில் பிடித்து உட்காரவைத்தாள்.

"நல்லா அழுத்தித் தேய்டி. இந்தக் கறையோட போய் நின்னா எந்த வூட்ல கட்டிக்குவாங்க?"

கறை போகவில்லை. முதலில் பச்சைத் தண்ணீர் பட்டால் 'சுருக்'கென்றது, பிறகு களிக்கு ஊற்றிய மோர் பட்டால், கடைசியில் வெறும் காற்று பட்டாலே உயிர் போயிற்று. "பல்லுல புழு பூந்திருக்குது" என்று அத்தை பெருங்காயம் வைத்தாள். பெண் பார்க்க வருவதற்குள் சரியாக வேண்டுமே என்று அப்பா என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடிய பஸ் தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது எதிர்க்காற்றுக்குப் பயந்து தாவணியை வாயில் அடைத்துக்கொண்டேன்.

பல் டாக்டர் ஒவ்வொரு பல்லாகக் கம்பி முனையால் தொட்டுப் பார்த்தார், காற்றை ஊதினார், குளிர்ந்த நீரைச் சொட்ட விட்டார். நான் துள்ளத் துள்ளத் தலையாட்டிக்கொண்டார்.

"புழுவும் இல்லை, சொத்தையும் இல்லைங்க. கறை பல்லுக்குள்ளயே இருக்குது. அழுக்குன்னு நெனச்சு மேல்பூச்சையே தேச்சு எடுத்துட்டீங்க. மொதல்ல செங்கல்லை நிறுத்துங்க." பிறகு ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். "இதைத் தடவினா கூச்சம் அடங்கும். ஆனா தடவின எடம் கறுத்துப்போயிரும்."

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "வேண்டாங்க டாக்டர். பொண்ணு பாக்க வராங்க. கூசறது வெளிய தெரியாதுங்களே."

"நீ என்னம்மா சொல்றே?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

வாய் நிறையப் பஞ்சு. சாய்த்த நாற்காலியில், ஒரு பக்கம் டாக்டரும் மறுபக்கம் அப்பாவும் நிற்க, நான் நடுவில் மல்லாந்து கிடந்தேன். தடவுங்கள், கரியாகவே போகட்டும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

பெண் பார்க்க வந்த அன்று அவர்கள் எதிரிலேயே பானைத் தண்ணீரில் கரைத்த ஒரு லோட்டா பானகம் குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன். கண்ணில் நீர் முட்டியது. வெட்கப்படுகிறாள் என்று வந்தவர்களும் சேர்ந்து எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த பற்கள் அத்தனையும் பழுப்பு.

அந்தக் கிணறு தூர்ந்துவிட்டது, கறுப்பு மருந்தும் போய் நிறம் தெரியாத பூச்சு வந்திருக்கிறது. மிச்சமிருக்கும் பற்களுக்கு அதைப் பூசிக்கொள்ளப் போன மாதம் தருமபுரிக்குப் போயிருந்தேன். டாக்டர் சின்னப் பெண். "கூசுச்சுன்னா கையத் தூக்குங்க ஆயா, உடனே நிறுத்திடறேன்" என்றாள்.

நிஜமாகவே நிறுத்துவாளா என்று பார்க்க, அவள் கருவி பல்லில் படுவதற்கு முன்பே கையைத் தூக்கினேன். நிறுத்திவிட்டாள்.