வழிசல் தண்ணி

எங்க ஊர்த் தண்ணிக் கமிட்டிக்கு என்னைத்தான் தலைவராக வைத்திருக்கிறார்கள். படித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் வாழவந்திப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நாலாங்கிளாஸ் தாண்டாத ஆள் கூலிக்கு மிளகு பறித்தே சொந்தமாகக் காப்பித் தோட்டம் வாங்கினான் என்று. சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன், அதில் என்ன வெட்கம்.

மலைச்சரிவில் ஓர் ஊற்று. அதிலிருந்து குழாயில் இறங்கி வரும் தண்ணி சிமெண்டுத் தொட்டியில் விழும். தொட்டியின் அடியிலிருந்து ஊருக்குள் குழாய் போகும். மோட்டார் கிடையாது. தொட்டி நிறைந்து நின்றால்தான் மேட்டு ஊட்டுக் குழாயில் தண்ணி ஏறும். பாதி குறைந்தால் பள்ளத்து ஊடுகளுக்கு மட்டும்தான்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தொட்டித் தண்ணி குடிக்க மட்டும். தோட்டத்துக்கு எடுக்கக் கூடாது. நிறைந்து வழிகிற தண்ணியை, அதாவது வழிசலை, யார் வேண்டுமானாலும் ஓஸ் குழாய் போட்டுக் கொண்டுபோகலாம். மலைச்சாமி சேர்வராயன் மேல் சத்தியம் செய்தோம். பூசைக்குப் போகிற கிறிஸ்தவர்களும் சேர்ந்துதான் தலையாட்டினார்கள். இன்றுவரை ஒருத்தரும் அந்தச் சத்தியத்தை மீறவில்லை. வம்பே அதுதான்.

வழிசல் போவதற்குத் தொட்டி விளிம்பில் ஓர் ஓட்டை இருந்தது. ஒருவர் அதில் ஓஸைச் செருகினார். அடுத்தவருக்கு இடமில்லை. அவர் கொஞ்சம் கீழே ஓர் ஓட்டை போட்டுவிட்டு, இதுவும் வழிசல்தானே என்றார். கமிட்டி கூடிப் பேசியது. தண்ணி தானாக வெளியே வருகிறது, யாரும் மோந்து எடுக்கவில்லை, ஆகவே வழிசல்தான் என்று முடிவானது. அதற்கு ஒரு சாண் கீழே அடுத்தது. அது என் மிளகுக்குப் போவது. கடப்பாறையில் குத்திய ஓட்டை இல்லை. சேலத்திலிருந்து ஆளைக் கூட்டிவந்து மிஷினில் போட்டது. ஓரத்தில் ஒரு சொட்டுக் கசியாது. பார்க்கவே சனம் வந்தது. பார்த்துவிட்டுப் போய் அவரவரும் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் தொட்டி இடியாப்ப அச்சு மாதிரி ஆகி, முழங்கால் உயரத்திலேயே வழிய ஆரம்பித்தது.

மேட்டு ஊட்டு அம்மிணிக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. ஊட்டுக்காரருக்கு முட்டி தேய்ந்து நடமாட்டம் இல்லை. அவர்கள் குழாய் வெறும் காற்றை ஊதியது. வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அந்த அம்மிணி குடம் சுமந்து மேடேறினார்கள். கமிட்டியில் வந்து சொன்னபோது, குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்றார் ஒருவர். மேட்டில் ஊடு கட்டியதே தப்பு என்றார் இன்னொருவர். நான் எல்லாரையும் பேசவிட்டேன். தலைவர் என்றால் பொறுமை வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அந்த அம்மிணி கூட்டத்துக்கு வந்தார்கள். ஊட்டை ரிசார்ட்டுக்காரர் ஒருவர் கேட்கிறார், சனிக்கிழமை முடிவு சொல்லணும், குடம் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு, விற்கலாம் என்றிருக்கிறேன் என்றார்கள். நல்ல விலையா என்று ஒருத்தர் விசாரித்தார்.

"வெலைய உடுங்க. அவரு தொட்டியப் பாத்தாருங்க. வழிசல்னா யாரு வேணும்னாலும் எடுக்கலாமான்னு கேட்டாரு. ஆமாங்க, எங்கூருக் கட்டுப்பாடே அதுதானுங்கன்னேன். அப்படின்னா எனக்கு ஒரே ஓட்டை போதும், தரையோட தரையாப் போட்டுக்கறேன்னாருங்க."

வெளியூர்க்காரனுக்கு ஏது உரிமை என்று ஒருவர் முனகினார்.

"ஏனுங்க, ஊட்ட வாங்குனா அவரும் உள்ளூருதானுங்களே?"

ஓட்டைகளை அடைப்பது என்று அப்போதே முடிவானது. யாருடையதை முதலில் அடைப்பது என்பதில்தான் சண்டை. மேலே உள்ளவர் கீழே கை காட்டினார், கீழே உள்ளவர் மேலே காட்டினார். நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஒண்டிக்கடைக்குப் போய் சிமெண்டு வாங்கிவந்து, எல்லாரும் பார்க்க என் மிஷின் ஓட்டையை முதலில் அடைத்தேன். அதற்கப்புறம் எவன் வாய் திறப்பான்? விளிம்பு ஓட்டை ஒன்றை மட்டும் விட்டோம்.

சிமெண்டு காய்ந்து தொட்டி நிறைந்த அன்று, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மேட்டு ஊட்டுக்குப் போனேன். குழாய் இருமியது, செம்மண்ணைத் துப்பியது, பிறகு கொட்டியது. அந்த அம்மிணி குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

"ஓட்டைய அடைச்சதுக்கு நொம்ப சந்தோசமுங்க தலைவரே. போட்டதுக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியலீங்க."

உள்ளே கட்டிலில் ஊட்டுக்காரர் சிரித்தது கேட்டது. பொம்பளைப் பேச்சு, விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ரிசார்ட்டுக்காரர் காரில் வந்தார். ஊடு விற்பதற்கில்லை என்று அந்த அம்மிணி ஒரு சொம்புத் தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காரில் ஏறப்போனவரை நிறுத்தி, நீங்கள் தரையோடு ஓட்டை போடுவது இனி நடக்காது, இந்த ஊரில் நான் இருக்கிறேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தத் தொட்டிங்க? நான் ஊட்டத் தவிர எதையும் பாக்கலீங்களே."

ஊருக்கே தண்ணி காட்டியிருக்கிறார்கள் அந்த அம்மிணி. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அத்தனை ஓட்டையும் திரும்பத் திறந்துகொள்ளும். அடுத்த கூட்டத்தில் அவர்களைக் கமிட்டியில் சேர்க்கச் சொன்னேன். ஆளைக் கண்டுபிடிப்பதில் இந்த மலையில் எனக்கு இணை கிடையாது.