குப்பை தெரியாத கோணம்

விடுமுறை நாளென்றால் கேமராவை மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுவேன். நெடுஞ்சாலை எனக்கு ஆகாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சேரப்பணஞ்சேரிப் பக்கம் நுழைந்து, யாரும் தேடிப் போகாத சிற்றூர்களைப் படமெடுத்துக்கொண்டே போய், வாலாஜாபாத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். முன்பெல்லாம் சந்தோஷமாகத் திரும்புவேன். இப்போது திட்டிக்கொண்டேதான் திரும்புகிறேன்.

எந்த ஊருக்குப் போனாலும் முதலில் வரவேற்பது குப்பை. தொழிற்சாலைகள் கொண்டுவந்து கொட்டிய கேன்டீன் சோறு புளித்து நுரைத்துக் கிடக்கும். அதோடு தெர்மாகோல், கிழிந்த கையுறை, பெயின்ட் டப்பா. தொழிற்சாலை வாசலில் மட்டும் புல்லைச் சீவிச் சிங்காரித்து வைத்திருப்பார்கள். பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் ஓர் ஊரில் அப்படியொரு குப்பைமேட்டை எரிச்சலோடு படமெடுத்துக்கொண்டிருந்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு வீடு. வெளிர்நீலச் சுவர், வாசலில் மாதா சிலை வைத்த சின்னக் கெபி, பின்னால் ஏரி. வீட்டுக்கார அம்மாள் வெளியே வந்தார்.

"இன்னா சார், குப்பையப் போயி படம் புட்ச்சிகினு கீற? எங்க வூட்ட ஒண்ணு எட்த்துக் குடேன். குப்ப மட்டும் தெரியக் கூடாது."

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். போன தடவை பெண் பார்க்க வந்தவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்களாம். கொடுத்த காபியைத் தொடவில்லை. சம்பந்தமும் அத்தோடு போயிற்று. இப்போது வேறொரு வீட்டார், முதலில் வீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

"உங்க பொண்ணு போன்லயே எடுக்கலாமே அக்கா" என்றேன்.

பின்னாலேயே வந்து நின்ற மகள் தன் போனை நீட்டினாள். அவள் வேலை செய்யும் கம்பெனியில், உள்ளே எதையும் படமெடுக்கக் கூடாதென்று, வாசலிலேயே தினமும் போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் விடுவார்கள். ஷிப்ட் முடிந்ததும் பிய்த்துப் பிய்த்து, கண்ணாடியெல்லாம் பசை. அவள் எடுத்த படத்தில் வீடு புகைக்குள் இருப்பதுபோல் மங்கலாக இருந்தது.

சாலையிலிருந்து பார்த்தால் மேடு வீட்டை மறைத்தது. பக்கவாட்டில் போனால் படத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. குப்பை தெரியாமல் வீடு முழுசாகத் தெரிய ஒரே இடம்தான் மிச்சம். அந்தக் குப்பையின் உச்சி.

ஏறினேன். கால் புதைந்து, அழுகிய சோறு செருப்புக்குள் வழவழவென்று புகுந்தது. முகமெல்லாம் ஈ. கொட்டியவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து எடுத்தேன். படம் அழகாகத்தான் வந்தது. நீலச் சுவர், மாதா, பின்னால் மினுங்கும் தண்ணீர். பார்க்கிற யாருக்கும் அங்கே குடியேற ஆசை வரும். காலில் அப்பியிருந்ததைவிட அந்த அழகுதான் எனக்கு அதிகமாகக் குமட்டியது.

படத்தை மகளுக்கு அனுப்பினேன். அவள் உடனே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினாள். அம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட்டது.

"வூடு ரொம்பப் புட்ச்சிப்போச்சாம்மா. ஞாயித்துக்கெழம பூச முட்ச்சிகினு எல்லாரும் நேர்ல வராங்களாம்" என்றாள் மகள்.

அம்மாள் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மேட்டைப் பார்த்தார்.

"படத்துல நாத்தம் வராதுன்னுதான சார் எட்க்கச் சொன்னேன்."