டாலி கிளார்க் கட்டிய வீடு

கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிவிட வேண்டும் சுந்தர்சிங்குக்கு. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அவர் டாலி கிளார்க். தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலிலிருந்து தோணியில் இறங்குவது மூட்டையோ பெட்டியோ பீப்பாயோ, எதுவானாலும் எண்ணிக் குறித்து, காகிதத்தில் இருப்பதும் கண்ணால் கண்டதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. முதலில் எண்ணு, மற்றதெல்லாம் அப்புறம் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் கூரை உத்தரங்களை எண்ண ஆரம்பித்துவிடுவார். எண்ணிக்கை தவறித் தலைகுனிந்ததே இல்லை என்று மனிதருக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன, நிறையவே கர்வம்.

அவர் மனைவி இன்பமணி பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். எழுபத்து மூன்றாம் வருஷம் ஏப்ரலில் அவளுக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் ஒருவழியாக விட்டது. போகிற போக்கில் முடியையும் கொண்டுபோனது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி சீப்போடு கொத்துக் கொத்தாக வந்தது. ஒரு இழைகூடக் கீழே போடாமல் பிஸ்கட் டின்னில் சேர்த்தாள். நிலைக்கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு தானும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

“உடம்புல இப்போ ஒண்ணும் இல்லை. எந்திரிச்சு நடமாடணும். இப்படியே படுத்துக் கெடந்தா நான் மருந்து குடுத்து என்ன செய்ய?” என்று டாக்டர் கையை விரித்தார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, அதற்குள் வராவிட்டால் வேறு டீச்சரைப் போட்டாக வேண்டும் என்று தலைமையாசிரியையும் சொல்லியனுப்பியிருந்தார்.

சுந்தர்சிங் தனக்குத் தெரிந்த யோசனையைச் சொன்னார். “ஏளா, அந்த முடியச் சவுரி கட்டக் குடுத்திருவமா? சேலைத் தலைப்ப மேல போட்டுக்கிட்டா ஒருத்தருக்கும் தெரியாது.”

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அதற்கப்புறம் எது கேட்டாலும் “ம்” மட்டும்தான். இவள் இனி எழுந்திருக்கவே மாட்டாளோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஜெர்மன்காரக் கப்பலின் ஆபீசர் அவர் கையில் ஓர் அட்டைப்பெட்டியைத் திணித்து, பிள்ளைகளுக்குக் கொடு என்றான். இவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை அவனுக்கு எந்தப் பாஷையில் விளக்குவது? வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பெட்டியின் மேல் சிவப்பு ஓடு, பச்சை ஜன்னல் வைத்த ஒரு மச்சுவீட்டுப் படம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வர்ணம் பூசினால் உள்ளங்கையளவில் அந்த வீடு வந்துவிடும். இன்பமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, அவள் கண்ணெதிரிலேயே கட்டுவோம் என்று மேசையைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டார்.

கறிவேப்பிலை ஈர்க்கில் இலை இருப்பதுபோல, மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. கூட இருந்த தாளின் கடைசியில் மொத்தத் துண்டுகள் இத்தனை என்று போட்டிருந்தது. போதாதா? சரக்கு வந்திருக்கிறது, எண்ண வேண்டும். கறிவேப்பிலையை உருவுகிற மாதிரியே எல்லாவற்றையும் உருவி, மேசையில் குவித்து எண்ணினார். ஒன்றுகூடக் குறையவில்லை. பெருமையோடு வெறும் சட்டங்களை வாரிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு வந்தார்.

“என்னத்தக் கருக்குதிய? நாத்தம் குடலப் புடுங்குது” என்றாள் இன்பமணி.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முழுப் பேச்சு. சுந்தர்சிங்குக்குத் தலைகால் புரியவில்லை. அதே சந்தோஷத்தில் தாளைப் பிரித்தார். இந்த எண்ணை அந்த எண்ணோடு ஒட்டு என்று படம் படமாகப் போட்டிருந்தது. துண்டுகளிலோ ஓர் எண்ணும் இல்லை. எண்கள் இருந்தது சட்டங்களில். சட்டங்கள் அடுப்பில் உருகிக்கொண்டிருந்தன.

தலையில் கை வைத்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்ட இன்பமணி சிரித்துவிடாமல் உதட்டைக் கடித்தாள் என்பதை அவர் பார்த்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஒரு சுவரை எடுத்து இன்னொன்றோடு பொருத்திப் பார்த்தார். சேரவில்லை. திருப்பினார். அப்போதும் சேரவில்லை. கட்டிலிலிருந்து அவள் தலையைத் தூக்கினாள்.

“ரவிக்கைன்னா அது பின்பக்கம். அதப் போயி கைத்துண்டோட ஒட்டுதியளே.”

“எல்லாம் சொவருதானளா?”

“தோள் சரிவப் பாருங்க. சரிவு ஒண்ணா இருக்கதெல்லாம் ஒரு ஜோடி. அங்கன இல்ல, இங்கன. குடுங்க இப்படி.”

போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுந்தர்சிங் மூச்சு விடவும் பயந்தார். ஏதாவது சொல்லி, அவள் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டால்? வாயைத் திறக்காமல் பசைக் குழாயைப் பிதுக்கிக் கொடுத்தார். ரவிக்கைத் துண்டுகளைப் பிரித்து வைப்பதுபோல அவள் முன்பக்கம், பின்பக்கம், ஓடு என்று பிரித்து அடுக்கினாள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வீடு எழும்பியது. அவர் வேலை விட்டு வருவதற்குள் அவளே மேசையில் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தாள்.

இரும்புக் கடையில் சின்னச் சின்ன டப்பாவில் எனாமல் பெயிண்ட் வாங்கி வந்தார். ஓட்டுக்குச் சிவப்பு அடித்தாயிற்று. ஜன்னல் கம்பிகளில்தான் சிக்கல். நூல் கனமே உள்ள கம்பிகள். கடைப் பிரஷ் பட்டால் சுவரெல்லாம் பச்சை அப்பிக்கொள்ளும். இன்பமணி கொஞ்ச நேரம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அந்தப் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள்.

சுந்தர்சிங்குக்குப் பகீரென்றது. அவளோ டின்னைத் திறந்து, முடியில் ஒரு சிறு கற்றையைப் பிரித்து, கத்தரியால் ஒட்ட வெட்டி, ஓர் ஈர்க்குச்சியின் நுனியில் வைத்துத் தையல் நூலால் இறுக்கிக் கட்டினாள். பச்சை டப்பாவில் தொட்டாள். கம்பி கம்பியாக ஜன்னல் பச்சையானது. அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில், நிலைக்கண்ணாடி அறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இன்பமணி அதன் முன்னால் நின்று தலைப்பை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டிருந்தாள். மேசைமேல் வீடு, அதன் பக்கத்தில் டின். போகிற நேரத்தில் அவள் கண்ணில் பட்டு அழுதுவிடப் போகிறாளே என்று சுந்தர்சிங் டின்னை மெல்லக் கையில் எடுத்தார்.

“இத எங்கயாவது தூர வச்சிரட்டுமா?”

“எதுக்கு? இன்னும் எத்தனையோ பிரஷ்ஷுக்கு ஆவும். அந்தக் கப்பக்காரரு திரும்ப வந்தா கொஞ்சம் பெரிய வீடாக் கேளுங்க” என்றாள். பிறகு வாசலில் நின்று, “அடுத்த தடவ துண்டுகள உருவுததுக்கு முன்னாடி என்னையக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அன்றைக்குக் கப்பலடியில் தோணிக்காரர்கள் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். மூட்டைக் கணக்கு பாதியில் தவறிப்போய், சுந்தர்சிங் சிரித்துக்கொண்டே மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.