சிறகில் கொப்புளம் விழுந்த ஈக்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் எங்கள் பல்கலைக்கழகம் சில மாதங்கள் மூடிக் கிடந்தது. நான் அப்போது விலங்கியலில் ஆராய்ச்சி மாணவி. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே, சிவந்த கண்ணுள்ள பொடி ஈ, அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். விடுதியைக் காலி செய்யச் சொன்ன அன்று பேராசிரியர் எங்களை அழைத்தார். ஈக்களைக் கவனிக்க இங்கே ஆள் இருக்காது, முடிந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மற்றவற்றை அழித்துவிட வேண்டியதுதான் என்றார்.

என் ஈக்களை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவை சாதாரண ஈக்கள் அல்ல. ஈயின் சிறகு பார்க்க ஒரே தாள் போலிருந்தாலும் உண்மையில் இரண்டு தாள்கள். கூட்டுப்புழுவுக்குள் மேல்தாளின் உயிரணுக்களும் கீழ்த்தாளின் உயிரணுக்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். என் ஈக்களில் அந்தப் பிடி ஆங்காங்கே விட்டுப்போகும். விட்ட இடத்தில் நீர் கோத்து, சிறகில் கொப்புளம் எழும்பும். ஏன் பிடி விடுகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

ஈக்கள் இருந்த குப்பிகளின் வாயைப் பஞ்சால் அடைத்து, பிஸ்கட் தகரத்தில் அடுக்கி, மலைநாட்டுத் தெமோதரையில் ரயிலை விட்டு இறங்கினேன். அப்பா அங்கே தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே, பள்ளிக்கூடத்தை ஒட்டிய சின்ன வீடு எங்களுடையது. தகரத்தைத் திறந்து பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஊர்ல எல்லாரும் ஈய வெரட்டுறாங்க. நீ ரயில்ல ஏத்திக் கூட்டிக்கிட்டு வந்திருக்க."

அப்பா சிரித்துவிட்டு, முன்னறை அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தார். தோட்ட ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயாவிடம் சொல்லி, ஈக்களை மயக்குவதற்குக் கொஞ்சம் ஈதரும் ஒரு வெப்பமானியும் வாங்கி வந்தார். பார்ப்பதற்கு என்னிடம் ஒரு கைலென்ஸ் மட்டும்தான் இருந்தது. பெரிய கொப்புளங்களுக்கு அது போதும்.

சாப்பாடுதான் சிக்கல். பழத்தை அப்படியே போட்டால் குழைந்து, ஈக்கள் அதில் ஒட்டிச் செத்துவிடும். அதைக் கெட்டியாக்க ஆய்வுக்கூடத்தில் அகார் தூள் இருந்தது. தோட்டத்தில் அதற்கு எங்கே போவது? பஸ் ஏறி பதுளைக்குப் போய் மருந்துக் கடைகளில் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பஜாரில், அம்மா வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையின் வாசலில் நின்றபோது, மேலே வெள்ளை நார்க் கட்டுகள் தொங்குவது கண்ணில் பட்டது. கடற்பாசி. நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி உறையவைப்பார்களே, அதேதான். அகாரும் அதே பொருள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைக்கார நானா ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். நான் இன்னும் வேண்டுமென்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நோன்புக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே மகள். எனத்துக்கு இவ்வளவு?"

ஈக்களுக்குச் சாப்பாடு செய்ய என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவை எதைச் சாப்பிடும், எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் மனைவியிடம் கேட்டுவந்து, எவ்வளவு நீர் விட்டால் நன்றாக உறையும் என்று எனக்குச் சொன்னார். அந்த அளவு ஒருமுறைகூடப் பிசகவில்லை. கடற்பாசி, மசித்த வாழைப்பழம், கித்துள் மரத்துக் கருப்பட்டி, பேக்கரியில் கேட்டு வாங்கிய ஈஸ்ட் எல்லாம் கலந்து அம்மாவின் அடுப்பில் காய்ச்சினேன். வாசனை நன்றாயிருக்கிறது, இதை ஈக்குப் போடுகிறாளே என்று அம்மா அப்பாவிடம் முறையிட்டார்.

மார்கழிக் குளிர் வந்தது. ஈக்கள் சோர்ந்தன, முட்டையிடுவது குறைந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மா அலமாரியை ஒதுக்கினார். குப்பிகளில் பாதியை அடுப்படியில் விறகு காயவைக்கும் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். நான் கண்டபோது அவற்றில் புழுக்கள் பெருகி, கண்ணாடியில் ஏறிக் கூடு கட்டியிருந்தன. சூடு அதிகமில்லை, இதமாகத்தான் இருந்தது. ஈக்கள் நன்றாயிருக்கின்றனவே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தக் கூடுகளிலிருந்து வந்த ஈக்களை மயக்கி, வெள்ளைத் தட்டில் கொட்டி லென்ஸை வைத்தேன். ஏறக்குறைய எல்லாவற்றின் சிறகிலும் பெரிய கொப்புளம். முன்னறைக் குப்பிகளைப் பார்த்தேன். அங்கே பாதிக்கு மேல் நல்ல சிறகுகள். ஒரே தாயின் வழிவந்த ஈக்கள்! ஏதோ கலந்துபோய்விட்டது என்றுதான் முதலில் பயந்தேன்.

அம்மாவும் குனிந்து பார்த்தார்.

"அப்பளம் பொரிஞ்ச மாதிரி இருக்கு. சூட்டுக்குத்தான் இப்படி ஊதுதா?"

அது வேறு விதமான ஊதல் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். சூடு என்ற சொல் மனதில் மாட்டிக்கொண்டது. முன்னறை ஈக்களை அடுப்படியிலும் அடுப்படி ஈக்களை முன்னறையிலும் முட்டையிட விட்டேன். காலையும் மாலையும் இரண்டு இடத்திலும் வெப்பம் பார்த்தேன். அடுத்த தலைமுறை வரும்வரை அடுப்படியில் எதையும் நகர்த்தக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பலகையில் விறகு காயவைக்க முடியாமல் அம்மா எனக்காக நனைந்த விறகோடு மல்லுக்கட்டினார்.

ஈக்கள் வெளிவந்தன. எந்த வழி ஈயானாலும், அடுப்படியில் வளர்ந்தவற்றுக்கே கொப்புளம் அதிகம். குளிரில் தாங்கிய பிடி இதமான சூட்டில் விட்டுப்போகிறது. தட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே ஓடினேன். அப்பா கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் லென்ஸில் பார்க்கவைத்தார். அன்று அதற்கு மேல் கணக்கு நடக்கவில்லை.

பல்கலைக்கழகம் திறந்ததும் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த அடைகாப்புப் பெட்டியில் வளர்த்தாய் என்று கேட்டார். விறகடுப்பு என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொல் என்றார். நல்ல பெட்டிகளில் திரும்பச் செய்தபோதும் அதே முடிவு. என் பட்டத்துக்கான ஆய்வு அங்கிருந்து வளர்ந்தது.

எண்பதுகளின் கடைசியில் கொஞ்ச காலம் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்தேன். உயிரணுக்களின் மேலுறையில் நின்று பிடித்துக்கொள்ளும் புரதங்களைப் பல ஊர்களிலும் தேடிக்கொண்டிருந்த காலம் அது. ஈயின் சிறகில் இரண்டு தாள்களையும் சேர்த்து வைப்பவை அந்த வகைப் புரதங்கள்தான் என்று தெரியவந்தது. ஒருநாள் நானே ஓர் இளம் சிறகுக்கு, அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டி ஒளிரும் சாயமேற்றி, இருட்டறையில் நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். இரண்டு தாள்களும் தொடும் இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பச்சை ஒளி, என் ஈக்களில் விட்டுப்போன அந்தப் பிடி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர் காப்பி குடிக்கக் கூப்பிட்டார். வருகிறேன், இன்னும் கொஞ்சம் என்றேன்.