சுங்கை ரம்பாய்க்கு நடந்து போனேன்

அந்தக் காலத்தில் எனக்கு நடைக்கிறுக்கு. ஞாயிறு விடிந்தால் பாச்சாங் வீட்டிலிருந்து கிளம்பி, பாயா ரும்புட் தாண்டி, கால் போன பக்கமெல்லாம் போவேன். தெற்கே மட்டும் நடந்ததில்லை. அங்கே, ஜோகூர் எல்லையோரம், சுங்கை ரம்பாயில் அக்கா இருந்தாள். தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை என்று அப்பா அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர் பேச்சைக் கேட்டு நானும் போகவில்லை. மூன்று வருடம் ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்கலாமென்று இரண்டு முறை பஸ்ஸில் போய், இறங்காமலே அதே பஸ்ஸில் திரும்பியிருக்கிறேன். அப்படி ஒரு கோழை நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் காட்டுத்தீயின் புகைமூட்டம் ஊரையே மூடியிருந்த சமயம், நடந்தே போவதென்று முடிவெடுத்தேன். பஸ் சீக்கிரம் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. நடந்தால், சொல்ல வேண்டியதைத் தயார்பண்ண நாள் முழுக்க நேரம் இருக்கும். யார் கூப்பிட்டாலும் வண்டியில் ஏறக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன்.

அது லேசான காரியமா? எங்கள் பக்கம் ஒருவன் சாலையில் நடந்தாலே மோட்டார் சைக்கிள் கெட்டுப்போய்விட்டது என்றுதான் அர்த்தம். வண்டிக்காரர்கள் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள்.

"மோட்டர் ரோசாக்கா தம்பி? ஏறு லா!"

"இல்லண்ணே, சும்மா நடக்கிறேன், ஜாலான் ஜாலான்."

வழியில் மெர்லிமாவில், தேநீர்க் கடையில் தே ஆற்றிக்கொண்டிருந்த பாய், "பஸ்ஸு இருக்கே, கால் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சிரித்தார்.

அதற்கப்புறம் சாலையும் வானமும் ஒரே நிறம். செம்பனை மரங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து, ஒவ்வொன்றாகக் கரைந்தன. சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. எங்கோ கோயில் மணி அடித்தது, கோயில் தெரியவில்லை. பத்தடி முன்னால், பள்ளிக்கூடப் பையோடு சின்ன வயது அக்கா போய்க்கொண்டிருப்பதாகவே தோன்றியது. அன்றெல்லாம் அவள் முன்னால், நான் பின்னால். அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம், பின்னால் ஒரு மோட்டார் வேகம் குறைந்தது.

"மோட்டர் ரோசாக்காங்க?" பெண்குரல்.

மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை இறக்கிவிட்டுத் திரும்பினேன். ஹெல்மெட்டுக்குள் அக்கா. என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.

"எங்கேர்ந்து நடக்கிற?"

"பாச்சாங்."

"பைத்தியமா உனக்கு? ஏறு."

கட்டளையாவது மண்ணாவது! ஏறிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும், நாளெல்லாம் தயார்பண்ணியதில் மிச்சமிருந்ததை அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"கல்யாணத்துக்கு வராதது தப்புக்கா."

வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள்.

"மோட்டர் சத்தத்துல சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பாக்காத," என்றாள், திரும்பாமலே. "எறங்கி வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."