நாலரைச் சங்கும் சன்னாசி அண்ணனும்

செய்தி எனக்கு வட்டவளை பஸ்ஸில் கிடைத்தது. பின் சீட்டில் இருந்தவர் சொன்னார்: "கேப்டன் போயிட்டாருங்க." எந்தக் கேப்டன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்குப் பந்தாட்டக் கழகத்துக்குச் சன்னாசி அண்ணனுக்குப் பிறகு நாலு பேர் கேப்டனாக இருந்தார்கள். ஆனாலும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். அவரோடு ஆடியவர்களும் ஓரத்தில் நின்று கத்தியவர்களும், பிசகு இருந்தால் என்னைக் கேட்கலாம். பதினோரு வருடம் அவர் அணிக்குக் கோல் காத்தவன் நான்.

தொண்ணூறுகளில் அவர் தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். மேட்ச் நாளில் மலைக்குப் போகாவிட்டாலும் தோட்டம் எங்களுக்கு அன்றைய வேலைக்குப் பேர் போடும், சம்பளமும் உண்டு. "அப்ப பந்தும் வேலதான்டா. கவ்வாத்துல ஏமாத்தினா செடி காட்டிக் குடுத்துரும்; இதுல ஊரே பாக்கும்" என்பார்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்டு வந்த வருடம் ஹட்டன் டவுன் அணியோடு இறுதிப் போட்டி, எங்கள் கிரவுண்டிலேயே. ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் தேயிலை ஆலையான ஸ்டோரின் நாலரைச் சங்கு ஊதியது. பிறந்ததிலிருந்து அந்தச் சங்குக்கு வேலையை விட்டுப் பழகியவர்கள் நாங்கள். அண்ணனைத் தவிர எல்லோரும் நின்றுவிட்டோம். நான் கோல் கம்பத்தில் மாட்டியிருந்த ஸ்வெட்டரை எடுக்கவே போய்விட்டேன். திரும்பினால் பந்து வலைக்குள்.

"என்னண்ணே, கொழுந்து எடை போட்டாச்சா?" என்று டவுன்காரர்கள் சிரித்தார்கள்.

திங்கட்கிழமைக் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரித்து முடிந்ததும் எங்கள் மேற்பார்வையாளரான கண்டாக்கு ஐயா சொன்னார்: "தொர சொல்லிட்டாரு. அடுத்த வருஷமும் கப்பு வரலேன்னா கிரவுண்டுல தேயிலக் கன்னுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் கண்டாக்கைப் பார்த்தார். "குழி வெட்ட ஆளு கெடைக்காதுங்க ஐயா. நாங்க மேட்ச்சுல இருப்போம்."

அன்றிலிருந்து சங்கு ஊதினால்தான் எங்களுக்குப் பயிற்சி. எந்த மலையில் நின்றாலும் சத்தம் கேட்டதும் கிரவுண்டுக்கு ஓட வேண்டும்.

"சங்கு ஊதினா மனுசன் வீட்டுக்குப் போவான். இதுக எங்க ஓடுதுக?" என்று கொழுந்துப் பெண்கள் கேலி செய்தார்கள்.

"கப்பு எடுக்கப் போறோம் அக்கா, வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டே அண்ணன் இறங்குவார்.

மறு வருடமும் அதே டவுன் அணி, அதே ஒன்றுக்கு ஒன்று. பந்து என் கையில் இருந்தபோது சங்கு ஊதியது. நாங்கள் நிற்போம் என்று டவுன்காரர்கள் ஒரு கணம் சிரித்து நின்றார்கள். நான் ஓங்கி உதைத்தேன். எங்கள் பத்துப் பேரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்கள். பந்து இறங்கிய இடத்தில் அண்ணன். சங்கு ஓய்வதற்குள் கோல். கண்டாக்கு ஐயாவின் தொப்பி வானத்தில் பறந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு மூன்று கப்பு எடுத்தோம். கிரவுண்டில் இன்றுவரை ஒரு தேயிலைக் கன்றுகூட நடவில்லை.

போன வாரம் அவரை அந்தக் கிரவுண்டு வழியாகத்தான் தூக்கிப் போனோம். பழைய ஆட்டக்காரர்கள்தான் தோள் கொடுத்தோம். பாதியில் நாலரைச் சங்கு ஊதியது. எல்லோர் காலும் ஒன்றாக ஓட்டம் பிடித்தது.

"மெதுவாப் போங்கப்பா!" என்று தப்பு மேளக்காரர்கள் பின்னால் கத்தினார்கள். கோல் கம்பத்தைத் தாண்டித்தான் நின்றோம்.

என் முழங்கால் இப்போது லயத்துப் படி ஏற மறுக்கிறது. சங்கு ஊதினால் மட்டும் மறுப்பதில்லை. அண்ணன் எனக்கு வைத்துவிட்டுப் போனது அதுதான்.